காண்டா தூக்கிய ஊரில் கோல்ப் பை

ஜொகூர் பாருவிலிருந்து பழைய கூட்டரசுச் சாலையில் வடக்கே வந்தால், கூலாய் தாண்டி, செடெனாக் தாண்டி, இருபுறமும் செம்பனை சூழ்ந்த பாதையில் வந்து சேருகிற ஊர் சிம்பாங் ரெங்கம். மலாய் மொழியில் ‘சிம்பாங்’ என்றால் சாலை பிரியும் இடம். ரெங்கம் பட்டணத்துக்குப் போகும் சாலை இங்கே பிரிவதால் வந்த பெயர். இரண்டும் ஒரே ஊர் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. ரயில் நிலையம் இருப்பது ரெங்கத்தில். நெடுஞ்சாலையும் டோல் சாவடியும் இருப்பது சிம்பாங் ரெங்கத்தில். நிர்வாகத்தில் இது குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்தது.

இந்த ஊரின் பெயரைச் சொன்னதும் நாக்கில் ஊறுவது அன்னாசி. சாலையோரக் கடைகளில் ஜோசபின், மோரிஸ், எம்டி2 என்று வகைவகையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு பழத்தை அங்கேயே சீவச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, நான்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதுதான் இவ்வழியே வருகிறவர்களின் வழக்கம்.

இப்போது அந்த வண்டிகளின் பின்பெட்டியில் அன்னாசிக்குப் பக்கத்தில் இன்னொரு பொருளையும் பார்க்க முடிகிறது. அதுதான் கோல்ப் பை. சனி, ஞாயிறு காலைகளில் காப்பிக் கடை வாசலில் நிற்கும் கார்களில் நம் பிள்ளைகளின் கார்களும் இருக்கின்றன. ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் அவர்கள். அலுவலகத்தில் மேலதிகாரி ஆடுகிறார், வாடிக்கையாளர் ஆடுகிறார், நாமும் கற்றுக்கொள்வோம் என்று தொடங்கியவர்கள் பலர். ஆட்டம் பிடித்துப் போய்த் தொடர்கிறவர்களும் பலர். இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கூலாய், செனாய், ஜொகூர் பாரு என்று பல திடல்கள் இருக்கின்றன.

மட்டை வாங்குவதற்கு ஆயிரம் பேர் ஆலோசனை சொல்வார்கள். பந்துக்கும் சொல்வார்கள். பையைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. நிறம் பிடித்திருக்கிறதா, தள்ளுபடி எவ்வளவு, அவ்வளவுதான். ஆனால் வண்டியில் ஏறாமல் நடந்தே ஆட விரும்புகிறவருக்கு, நான்கு மணி நேரத்துக்கும் மேலாக உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கப் போவது அந்தப் பைதான். மட்டை தவறினால் பந்துதான் காட்டுக்குள் போகும். பை தவறினால் முதுகு போகும்.

காண்டாவின் கணக்கு

பாரம் தூக்கி நடப்பது பற்றி இந்த வட்டாரத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. செம்பனை வருவதற்கு முன்பு இந்தச் சுற்றுப்புறத் தோட்டங்களில் பால்மரம்தான். விடியுமுன் பிரட்டுக்குப் போய், நிரையில் மரம் வெட்டி, வெயில் ஏறுவதற்குள் பால் எடுத்து, இரண்டு வாளிகளையும் காண்டாவில் மாட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு பால் கொட்டகைக்கு நடந்தவர்கள் நம் பாட்டன், பாட்டிகள். மேடு பள்ளம், மழைச் சேறு, மரவேர் என எல்லாவற்றையும் தாண்டி, ஒரு சொட்டு சிந்தாமல் போக வேண்டும். சிந்தியது கூலியில் குறையும்.

காண்டா என்பது ஒரு கம்புதான். ஆனால் அதற்குள் ஒரு முழுக் கணக்கு இருந்தது. இரண்டு வாளியும் சமமாக நிறைந்திருக்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் உடம்பு ஒரு பக்கம் சாயும். சாய்ந்த உடம்பை நிமிர்த்த இடுப்பு வேலை செய்யும். அந்த இடுப்பு இரவில் வலிக்கும். தோளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். அடி சின்னதாக வைக்க வேண்டும். இவையெல்லாம் எழுதப்படாத பாடங்கள். இன்றைய கோல்ப் பை தயாரிப்பாளர்கள் விளம்பரத்தில் பெருமையாகச் சொல்கிற ‘எடைச் சமநிலை’ இதுதான்.

அன்னாசிக் காட்டிலும் இதே கதைதான். கரிமண் நிலத்தில் வண்டி இறங்கினால் புதைந்துவிடும். பழம் வெட்டுகிறவர்கள் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு, முள்விளிம்பு கொண்ட இலைகளுக்கு நடுவே நடப்பார்கள். கூடை முதுகோடு ஒட்டியிருந்தால் பாரம் குறைவாகத் தெரியும். தள்ளி நின்றால் அதே பாரம் பின்னுக்கு இழுக்கும்.

அண்மையில் இங்குள்ள ஒரு காப்பிக் கடையில் கண்ட காட்சி. ஒரு பையன் புதிதாக வாங்கிய கோல்ப் பையைத் தாத்தாவிடம் காட்டினான்.

“தாத்தா, தூக்கிப் பாருங்க, எவ்வளவு லைட்டா இருக்கு!”

பெரியவர் தூக்கினார். தோளில் மாட்டிக்கொண்டு கடை வாசலில் நான்கு எட்டு நடந்தார். இறக்கி வைத்தார்.

“பாரம் கம்மிதான்டா. ஆனா எல்லாம் ஒத்தத் தோள்லல்ல நிக்குது? காண்டாவுல ஒரு வாளி நெறைய, ஒரு வாளி காலின்னா நடக்க முடியுமா?”

கோல்ப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பையில் இருந்த குறையை நான்கு எட்டில் கண்டுபிடித்துவிட்டார்.

துரையின் பை, நம்மவர் தோள்

கோல்ப் இங்கே வெள்ளைக்காரர்களோடு வந்தது. 1829இல் கல்கத்தாவில் தொடங்கியதுதான் பிரிட்டனுக்கு வெளியே அமைந்த முதல் கோல்ப் கிளப். பிறகு கொழும்பு, நுவரெலியா, சிங்கப்பூர் என்று வெள்ளைக்காரர் குடியேறிய இடமெல்லாம் ஆட்டமும் போனது. கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ப் கிளப் 1893இல் பிறந்தது. கொடைக்கானல் கிளப் 1895இல் அமைந்தது. இன்றும் அங்கே காட்டெருமைகள் புல்தரையில் மேய்வதைப் பார்க்கலாம்.

இங்கே பெரிய தோட்டங்களில் துரைமாருக்கு என்று கிளப் இருந்தது. சில இடங்களில் ஒன்பது குழித் திடலும் இருந்தது. துரை அடிப்பார், பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் நடப்பான். ஆங்கிலத்தில் அவனுக்குப் பெயர் கேடி. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருளை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பையன்களின் தோளுக்குச் சிரிப்பு வந்திருக்காது. அந்தக் காலப் பைகள் தோல் பைகள், ஒற்றை வார். அதில் எத்தனை மட்டை வைப்பது என்பதற்கு வரம்பே இல்லை. 1930களில் சில ஆட்டக்காரர்கள் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மட்டைகளோடு திடலுக்கு வந்தார்கள். அமெரிக்கக் கோல்ப் சங்கம் 1938இல்தான் 14 மட்டைக்கு மேல் கூடாது என்று விதி கொண்டுவந்தது. பிரிட்டன் அடுத்த ஆண்டு அதைப் பின்பற்றியது. இன்றும் அதே விதிதான். 14 என்பது உச்சவரம்பு. கட்டாயம் 14 இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பை தூக்கியவர்கள் எல்லாரும் பை தூக்கியவர்களாகவே இருந்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாப்வா செவ்கோலம் என்று ஒருவர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர். சிறுவயதிலேயே கேடி. கைகளை மாற்றிப் பிடித்து அவர் ஆடிய விதத்தை எந்தப் பயிற்றுநரும் சொல்லித் தரமாட்டார். அவர் டச்சு ஓப்பனை 1959, 1960, 1964 என மூன்று முறை வென்றார். 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் போக முடியாமல், வெளியே மழையில் நின்று கோப்பை வாங்கினார். இந்தியாவிலும் பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் இந்திய ஓப்பனை வென்றார்.

இந்தக் கதைகளைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேற்று வரை அடுத்தவர் பையைச் சுமந்த சமூகம், இன்று தன் பையைத் தானே தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. தாத்தா தூக்கியது வயிற்றுக்காக. பேரன் தூக்குவது விருப்பத்துக்காக. ஆனால் தோளுக்கும் முதுகெலும்புக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது கிலோ கணக்கு மட்டும்தான்.

பாரம் எங்கிருந்து வருகிறது?

18 குழித் திடலை நடந்து முடித்தால், பந்தைத் தேடி அலைவதையும் சேர்த்து 8 முதல் 10 கிலோமீட்டர் நடை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 2001இல் ஒரு வழக்கு முடிவானது. காலில் நோய் உள்ள கேசி மார்ட்டின் என்ற ஆட்டக்காரர், போட்டியில் வண்டியில் போக அனுமதி கேட்டார். ஒரு சுற்று நடப்பதற்கு ஏறக்குறைய 500 கலோரிதான் செலவாகும், அது பெரிய களைப்பு அல்ல என்று அந்த வழக்கில் உடலியல் நிபுணர் சாட்சி சொன்னார். மார்ட்டினுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தக் கணக்கு, பையைக் கேடி சுமக்க, கைவீசி நடக்கும் ஆட்டக்காரருக்கானது. நம்மைப் போல் பையும் சேர்ந்து நடந்தால் கணக்கு வேறு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டியில் வைப்பதற்கென்று செய்த பெரிய பை 4 கிலோ வரும். 14 மட்டைகள் ஏறக்குறைய 6 கிலோ. ஒரு பந்து சுமார் 46 கிராம். ஒரு டஜன் அரைக் கிலோவுக்கு மேல். ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஒன்றரை கிலோ. குடை அரைக் கிலோவுக்கு மேல். மழைச் சட்டை, துண்டு, கையுறை, கைப்பேசி, தின்பண்டம் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. மொத்தம் பதின்மூன்றரை கிலோவைத் தாண்டிவிடும்.

இப்போது அதையே மாற்றிப் போடுவோம். நடப்பதற்கென்று செய்த பை 2 கிலோ. மட்டைகள் 9 மட்டும், 4 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பந்து ஆறு. தண்ணீர் ஒரு லிட்டர், தீர்ந்தால் வழியில் நிரப்பிக்கொள்ளலாம். சின்னக் குடை, ஒரு துண்டு, ஒரு கையுறை. மொத்தம் 8 கிலோ. வித்தியாசம் ஐந்தரை கிலோ. கடையில் வாங்குகிற 5 கிலோ அரிசிப் பையை மனத்தில் நினைத்துப் பாருங்கள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு 18 குழியும் நடக்கச் சொன்னால் யாராவது நடப்பார்களா? தெரியாமலே நடக்கிறோம்.

புதிதாக ஆடுகிறவருக்கு 14 மட்டை தேவையே இல்லை. தூரத்துக்கு ஒரு வுட், ஒரு ஹைபிரிட், இரும்பு மட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்று, இரண்டு வெட்ஜ், ஒரு பட்டர். இவ்வளவு போதும். 1913இல் அமெரிக்க ஓப்பனை வென்ற பிரான்சிஸ் விமெட்டுக்குப் பை தூக்கியவன் எட்டி லோவரி என்ற பத்து வயதுச் சிறுவன். பத்து வயதுப் பிள்ளை தூக்கி நடக்கக்கூடிய பாரத்தோடு அந்த நாட்டின் பெரிய போட்டியையே ஒருவர் வென்றிருக்கிறார்.

வார்தான் முதல் சோதனை

நடப்பதற்கான பைகள் பெரும்பாலும் இரண்டு வகை. மெல்லிய, காலில்லாத, ஒன்று ஒன்றரை கிலோ எடையுள்ள சிறு பை ஒன்று. கால் விரித்து நிற்கக்கூடிய, இரண்டு முதல் இரண்டரை கிலோ எடையுள்ள நிற்கும் பை இன்னொன்று. ஏழெட்டு மட்டையோடு மாலையில் ஒன்பது குழி மட்டும் ஆடுகிறவருக்குச் சிறு பை போதும். முழுச் சுற்று நடக்கிறவருக்கு நிற்கும் பைதான் தோது.

எந்த வகை என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது வார். இரட்டை வார் உள்ள பை, பள்ளிப் பை போல இரண்டு தோளிலும் பாரத்தைப் பகிர்ந்து வைக்கும். 1990களில்தான் இது கோல்ப் பைகளில் பரவலானது. அதுவரை உலகம் முழுக்க ஒற்றைத் தோளில்தான் தொங்கவிட்டார்கள். இரண்டு முனையிலும் வாளி மாட்டிய நம் காண்டாவுக்கு முன் அது மிகவும் பிந்திய கண்டுபிடிப்பு.

வாரில் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, தோளில் படும் பகுதி அகலமாக இருக்க வேண்டும். தடிமனான பஞ்சு மட்டும் இருந்து அகலம் குறைந்தால், பஞ்சு அமுங்கியதும் வார் கயிறாகிவிடும். இரண்டாவது, இரு பக்க நீளத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடிய வேண்டும். நம் தோள்கள் இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. மூன்றாவது, வார் பையோடு சேரும் இடத்தில் தையல் இரட்டையாக, அழுத்தமாக இருக்க வேண்டும். முதலில் பிய்வது அந்த இடம்தான்.

இரட்டை வாரை மாட்டி நிமிர்ந்து நின்றால், பை இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுக்குக் குறுக்கே படுத்திருக்க வேண்டும். மட்டைத் தலைகள் இருக்கும் பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். அடிப்பக்கம் தொங்கினால் ஒவ்வொரு எட்டுக்கும் தொடையில் இடிக்கும். தலைப்பக்கம் தாழ்ந்தால் குனியும்போது மட்டைகள் சரிந்து கொட்டும். முதுகில் படும் பஞ்சுப்பட்டை காற்றோட்டமான வலைத்துணியில் இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் வழவழப்பான துணி முதுகில் ஒட்டி, அரை மணி நேரத்தில் அரிப்பெடுக்கும்.

உயரமும் முக்கியம். வழக்கமான பை 85 முதல் 90 சென்டிமீட்டர் இருக்கும். குள்ளமானவர்களுக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது நீளம். அண்ணனுடைய பழைய பையைத் தங்கைக்குக் கொடுப்பது சிக்கனம்தான். ஆனால் வார் அவள் தோள் அகலத்துக்குப் பொருந்தாமல் கழுத்தை அழுத்தினால், ஆறு மாதத்தில் ஆட்டத்தையே விட்டுவிடுவாள். பெண்களுக்கென்றும் சிறுவர்களுக்கென்றும் தனி அளவில் பைகள் வருகின்றன. ‘இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கிறது, அதனால் பெண்களுக்கானது’ என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். உயரத்தை அளந்து பாருங்கள்.

காலும் அடியும் அறையும்

ஒரு சுற்றில் பையை எத்தனை தடவை இறக்கி ஏற்றுகிறோம் தெரியுமா? 100 அடியில் முடிக்கிற ஒரு புதியவர், குழிக்கு அருகே உருட்டும் அடிகளைத் தவிர்த்து, ஏறக்குறைய 60 முறை அடிக்கிறார். ஒவ்வொரு குழி முடிந்ததும் ஒரு முறை என்று 18ஐச் சேர்த்தால், எண்பதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். எண்பது தடவையும் குனிந்து எடுப்பதா, நின்றபடியே வாரைப் பிடித்து ஏற்றுவதா என்பதில்தான் இடுப்பு தப்புவது இருக்கிறது. அதற்குத்தான் கால். தரையில் வைத்ததும் இரு கால்களும் தானாக விரிய வேண்டும், எடுத்ததும் சத்தமில்லாமல் மடங்க வேண்டும். கடையின் சமதரையில் எல்லாப் பையும் நிற்கும். சரிவில் நிற்குமா என்று பார்ப்பதுதான் சோதனை.

வாய்ப்பகுதியில் 14 தனித்தனி அறை உள்ள பை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடுப்பும் எடை. நடக்கிறவருக்கு நான்கிலிருந்து ஆறு அறை போதும். தடுப்புத்துணி அடிவரை இறங்கியிருந்தால் மட்டைப் பிடிகள் சிக்கிக்கொள்ளாது.

பாக்கெட் விஷயத்தில் நம் வீட்டு அலமாரி நியாயம்தான். இடம் இருந்தால் பொருள் சேரும். பதினொரு பாக்கெட் உள்ள பையில் பதினொன்றும் நிறைந்துவிடும். தண்ணீர்ப் புட்டியை நடந்துகொண்டே கையால் எடுக்க முடிகிறதா, கைப்பேசிக்கு ஈரம் படாத ஓர் அறை இருக்கிறதா, பந்துக்கு ஒன்று, மழைச்சட்டைக்கு ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தண்ணீரும் பந்தும் முதுகோடு ஒட்டிய பக்கத்தில் இருந்தால் நல்லது. கனமான பொருள் உடம்புக்குப் பக்கத்தில் என்பது அன்னாசிக் கூடை சொல்லித் தந்த பாடம்.

ஜொகூரில் நடந்து ஆட

பை வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நீங்கள் ஆடப்போகும் திடலைக் கூப்பிட்டு, நடக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். நம் நாட்டின் பல திடல்களில் பக்கி வண்டி கட்டாயம். குழிக்குக் குழி தூரம் அதிகம், வெயில், ஆட்டம் தாமதமாகக் கூடாது எனக் காரணங்கள் சொல்வார்கள். சில இடங்களில் வார நாள்களில் மட்டும், அல்லது மாலை நேரத்தில் மட்டும் நடக்க விடுவார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலில் நடைதான் வழக்கம். அமெரிக்காவின் பாண்டன் டியூன்சும் நடந்தே ஆடும் இடம்தான். நம் ஊரில் நிலைமை தலைகீழ்.

ஆகவே இங்கே வாங்கும் பை இரண்டுக்கும் ஒத்துப்போக வேண்டும். நடக்கும்போது தோளில், கட்டாயம் என்றால் வண்டியில். அடிப்பாகம் வண்டியின் தட்டில் சுழலாமல் உட்கார வேண்டும். வண்டிப் பட்டையால் கட்டும்போது கால்கள் விரியாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். கட்டிய பிறகும் பாக்கெட் திறக்க வர வேண்டும். இப்படி இரண்டுங்கெட்டான் என்று சொல்ல முடியாத, இரண்டுக்கும் ஆகிற பைகள் இரண்டரை கிலோவுக்குள்ளேயே கிடைக்கின்றன.

முதுகில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், மூன்று சக்கரத் தள்ளுவண்டியைப் பற்றி யோசிக்கலாம். நடையும் கிடைக்கும், தோளும் தப்பும். இழுத்துக்கொண்டு போவதைவிட முன்னால் தள்ளிக்கொண்டு போவது உடம்புக்கு நல்லது. கை பின்னால் திருகாது.

நேரம் தேர்ந்தெடுப்பதும் பை தேர்ந்தெடுப்பது போலத்தான். ஜொகூரில் நடந்து ஆட விடியற்காலைதான் நேரம். பால்மரம் வெட்டியவர்கள் வெயிலுக்கு முன் வேலையைத் தொடங்கியது சும்மா இல்லை. பிற்பகலில் வானம் கறுத்து இடி இடிக்கும். மின்னல் அதிகம் விழும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று. எச்சரிக்கைச் சங்கு ஊதினால் அடித்தது போதும் என்று பையை விட்டுவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். குடையோடு மரத்தடியில் ஒதுங்குவது கூடவே கூடாது.

நனைந்த பையை அப்படியே காரின் பின்பெட்டியில் போட்டு மூடிவிட்டால், இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாச் சிப்பையும் திறந்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பையை நாள்கணக்கில் விடாதீர்கள். மட்டைப் பிடியின் ரப்பரும் உள்ளே இருக்கும் பசையும் சூட்டில் கெடும்.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கேமரன் மலையில் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே 18 குழித் திடல் ஒன்று இருக்கிறது. பிரேசர் மலையில் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் அமைந்த ஒன்பது குழித் திடல் உண்டு. குளிர்ந்த காற்றில் முதல் முறையாகப் பை தூக்கி நடந்து பார்க்க அவை நல்ல இடங்கள். போகும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் பத்து நிமிடம்

காலிப் பையைத் தூக்கிப் பார்த்து வாங்குவது, காலி வாளியோடு காண்டாவைத் தூக்கிப் பார்ப்பது போல. உங்கள் மட்டைகளைக் கூடவே எடுத்துப் போங்கள். தண்ணீர்ப் புட்டியையும் பந்தையும் போடுங்கள். வாரைச் சரிசெய்துகொண்டு பத்து நிமிடம் நடங்கள். பக்கத்தில் படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்குங்கள். பத்து தடவை இறக்கி ஏற்றுங்கள். கழுத்தோரம் அழுத்துகிறதா, மார்புக்குக் குறுக்கே இறுக்குகிறதா, இடுப்பெலும்பில் இடிக்கிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிடத்தில் லேசாக உறுத்துவது, 14ஆவது குழியில் ரணமாக இருக்கும்.

விலை கண்டு மலைக்க வேண்டாம். பெரிய நிறுவனத்தின் பெயர் பொறித்த பைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி அந்தப் பெயருக்கு. சென்ற ஆண்டு வந்த மாதிரியோ, நன்றாக வைத்திருந்த பழைய பையோ பாதி விலையில் கிடைக்கலாம். பழையது வாங்கினால் வாரின் தையல், சிப், கால்கள் மடங்கும் கணு, அடிப்பாகம், இந்த நான்கையும் பாருங்கள். நிறம் மங்கியிருந்தால் கவலையில்லை.

யாரை அழைத்துப் போவது?

ஜொகூரில் 1980, 1990களில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் கோல்ப் திடல்களாகவும் மாறின. லயங்கள் காலியாயின. அங்கே வேலை செய்தவர்கள் சிம்பாங் ரெங்கம், கூலாய், குளுவாங் போன்ற ஊர்களின் தாமான்களில் வீடு பார்த்துக் குடியேறினார்கள். அவர்களில் பலருக்குத் தோளில் இன்றும் ஒரு காய்ப்பு இருக்கும். சட்டையைக் கழற்றினால் தெரியும். வலது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். யாரும் அவர்களுக்கு வார் அகலத்தையும் எடைச் சமநிலையையும் பார்த்து வாங்கச் சொல்லவில்லை. கையில் கிடைத்த கம்பைத் தூக்கினார்கள்.

அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. அந்த வசதியைப் பெயருக்கும் நிறத்துக்கும் செலவழிக்காமல், உடம்புக்குச் செலவழிக்க வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வந்தது. இரட்டை வார், இரண்டு கிலோப் பை, ஒன்பது மட்டை, ஒரு லிட்டர் தண்ணீர், விடியற்காலை நேரம். இவ்வளவு இருந்தால் அறுபது வயதிலும் நடந்தே ஆடலாம்.

அடுத்த வாரம் கடைக்குப் போகிறவர்கள், வீட்டில் காண்டா தூக்கிய பெரியவர் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். பையை நிறைத்து அவர் தோளில் ஒரு நிமிடம் மாட்டிவிடுங்கள். பர்டி என்றால் என்ன, போகி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. இந்தப் பையோடு பத்து கிலோமீட்டர் நடக்க முடியுமா, முடியாதா என்று சொல்லிவிடுவார்.